இரண்டு கஃபன் துணிகள்

(கட்சி உறுப்பினர்களின் வாசிப்பு வட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2025 மே 20 அன்று லண்டனில் சர்வதேச புக்கர் பரிசு அறிவிக்கப்பட்டது. கன்னட எழுத்தாளர் பானு முஷ்தாக்கின் பன்னிரண்டு சிறுகதைகள் அடங்கிய ‘ஹார்ட் லேம்ப்’ என்னும் ஆங்கிலத் தொகுப்பு அதைப் பெற்றது. மொழிபெயர்த்தவர் தீபா பாஸ்தி. கன்னடத்திலிருந்து சென்ற நூலொன்று இப்பரிசைப் பெறுவது இதுவே முதல்முறை. 2016இல் இப்பரிசு இன்றைய வடிவத்தை அடைந்த பிறகு சிறுகதைத் தொகுப்பு ஒன்று வெல்வதும் இதுவே முதல்முறை. 50,000 பவுண்டு பரிசுத்தொகை ஆசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதியாகப் பகிரப்பட்டது. மொழிபெயர்ப்பாளரின் பெயரை அட்டையில் அச்சிடுவதற்கே தயங்கும் பதிப்புலகில் இந்தச் சரிபாதி சிறிய செய்தியன்று.

செய்தி வந்த நாளிலிருந்து இரண்டு கேள்விகள் எழுப்பப்பட்டு வருகின்றன. ஏகாதிபத்திய நாடொன்றின் பரிசை இவ்வளவு கொண்டாட வேண்டுமா என்பது ஒன்று. மற்றது இதைவிடக் கடினமானது. இக்கதைகளில் மனைவியைக் கைவிடும் கணவனும், நியாயம் கேட்டு வந்த பெண்ணை அலைக்கழிக்கும் முத்தவல்லியும், மகளின் படிப்பு பாழாவதைப் பொருட்படுத்தாத தந்தையும் முஸ்லிம்களாக இருக்கிறார்கள். முஸ்லிம்களின் வீடுகள் புல்டோசரால் இடிக்கப்படும் காலம் இது. மாட்டிறைச்சியின் பெயரால் மனிதர்கள் அடித்துக் கொல்லப்படும் காலம். இத்தகைய நேரத்தில் இக்கதைகளைப் பரப்புவது மதவெறியரின் கையில் ஆயுதம் கொடுப்பதாகாதா? இதைக் கேட்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். முழக்கத்தால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. கதைகளைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பதில் சொல்ல வேண்டும்.

முதல் கேள்வியை விரைவில் முடித்துவிடலாம். புக்கர் என்பது பிரிட்டிஷ் கயானாவின் கரும்புத் தோட்டங்களில் கொழுத்த ஒரு வணிக நிறுவனத்தின் பெயர். அந்நாட்டின் தோட்டங்களில் முதலில் ஆப்பிரிக்க அடிமைகள் உழைத்தார்கள். பின்னர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் உழைத்தார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு. 1972இல் ‘ஜி’ என்னும் நாவலுக்காக புக்கர் பரிசு பெற்ற ஜான் பெர்ஜர் இந்த வரலாற்றை மேடையிலேயே எடுத்துச் சொன்னார். பரிசுத் தொகையில் பாதியை பிரிட்டனின் பிளாக் பாந்தர் இயக்கத்துக்குக் கொடுப்பதாகவும் அறிவித்தார். அந்த நிறுவனம் பின்னாளில் விலகிக்கொண்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. பரிசின் பூர்வீகத்தை மறக்காமலே அது கிடைத்த புத்தகத்தைப் படிக்கலாம். ‘ஹார்ட் லேம்ப்’ கதைகள் 1990 தொடங்கிப் பல ஆண்டுகளாக, லண்டனில் எவரும் அறியாத நாள்களில், ஹாசன் நகரில் எழுதப்பட்டவை.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். இதற்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கதையையும் இத்தொகுப்பிலுள்ள ஒரு கதையையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும். இரண்டும் ஒரே பொருளைப் பற்றியவை. இறந்தவர் உடலைப் போர்த்தும் புதுத் துணி அது. தமிழில் கோடித் துணி என்கிறோம். முஸ்லிம் வீடுகளில் அது கஃபன் துணி. வட இந்தியாவில் மதவேறுபாடின்றி அதன் பெயர் கஃபன்.

பிரேம்சந்தின் ‘கஃபன்’ 1935 டிசம்பரில் ‘ஜாமியா’ என்னும் உருது இதழிலும், 1936 ஏப்ரலில் ‘சாந்த்’ என்னும் இந்தி இதழிலும் வெளிவந்தது. ‘சாந்த்’ பெண்களுக்கென்று தொடங்கப்பட்ட இதழ் என்பதைக் கவனிக்க வேண்டும். குடிசைக்குள் புதியா என்ற இளம்பெண் பிரசவ வேதனையில் துடிக்கிறாள். வெளியே அணைந்துபோகும் தீயின் முன்னால் கணவன் மாதவும் மாமனார் கீசுவும் திருடிக் கொண்டுவந்த உருளைக்கிழங்கைச் சுட்டுத் தின்றுகொண்டிருக்கிறார்கள். உள்ளே போய்ப் பார்க்க ஒருவருக்கும் மனமில்லை. எழுந்து போனால் மற்றவன் கூடுதலாகத் தின்றுவிடுவானே என்பதுதான் கவலை. கீசு இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு பண்ணையார் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்ட விருந்தை நினைத்து நினைத்துப் பேசுகிறான். காலையில் புதியா இறந்துகிடக்கிறாள். வயிற்றிலிருந்த குழந்தையும் இறந்துவிட்டது. ஜமீன்தார் வெறுப்போடு இரண்டு ரூபாய் எறிகிறார். ஊரார் ஆளுக்குக் கொஞ்சம் கொடுக்க, ஐந்து ரூபாய் சேர்கிறது. கஃபன் வாங்கக் கடைவீதிக்குப் போன இருவரும் மாலையில் கள்ளுக்கடையில் போய் நிற்கிறார்கள். பணம் முழுவதும் குடியிலும் பூரியிலும் தீர்கிறது. மிஞ்சிய பூரியைப் பிச்சைக்காரன் ஒருவனுக்குக் கொடுக்கிறார்கள். கொடுப்பவனாக இருக்கும் பெருமிதத்தை வாழ்க்கையில் முதல்முறையாக அனுபவிக்கிறார்கள். இறந்தவளை எண்ணி அழுகிறார்கள், பாடுகிறார்கள், ஆடுகிறார்கள், விழுகிறார்கள். கதை அங்கேயே நின்றுவிடுகிறது. பிணம் குடிசையில் கிடக்கிறது.

இக்கதையின் நடுவில் பிரேம்சந்த் கதையை நிறுத்திவிட்டுத் தம் குரலில் சிறிது பேசுகிறார். இரவும் பகலும் உழைப்பவனின் நிலை உழைக்காதவனின் நிலையைவிடப் பெரிதும் மேலாக இல்லாத ஒரு சமூகத்தில், உழைப்பவனின் பலவீனத்தைப் பயன்படுத்தத் தெரிந்தவனே வசதியாக வாழும் ஒரு சமூகத்தில், இவர்களுக்கு இப்படியொரு மனநிலை தோன்றியதில் வியப்பென்ன என்பது அதன் சாரம். முற்போக்கு விமர்சகர்கள் பல்லாண்டுகளாக இந்தப் பத்தியைத்தான் எடுத்துக்காட்டி வந்திருக்கிறார்கள். உழைப்பிலிருந்து மனிதன் அந்நியப்படுவதன் உச்சம் இது என்றார்கள். அது சரியே.

ஆனால் அந்த வாசிப்பு ஒன்றைக் கவனிக்கத் தவறியது. கீசுவும் மாதவும் சமார் சாதியினர் என்று கதை வெளிப்படையாகச் சொல்கிறது. சோம்பலும் திருட்டும் குடியும் அந்தச் சாதிப் பெயரோடு சேர்த்துப் படிக்கப்படுகின்றன. இது எங்கள் மக்களைப் பற்றிய கதையல்ல, எங்கள் மக்களைப் பற்றி வெளியிலிருப்பவர் கொண்ட எண்ணத்தின் கதை என்று தலித் எழுத்தாளர்கள் பலர் எழுதினார்கள். ஊரின் அத்தனை அழுக்கு வேலைகளையும் செய்து தீர்க்கும் ஒரு சாதியின் பிரதிநிதிகளாக இரண்டு சோம்பேறிகளைத் தேர்ந்தது ஏன் என்று கேட்டார்கள். பிரசவத்தில் துடிக்கும் பெண்ணிடம் சேரியின் ஒரு பெண்கூட வராமல் போவாளா என்றும் கேட்டார்கள். 2004இல் தில்லியில் பிரேம்சந்தின் ‘ரங்கபூமி’ நாவலே கொளுத்தப்பட்டது. நூலைக் கொளுத்துவது தவறு. அந்தக் கேள்விகள் தவறல்ல. அவற்றுக்கு ‘வர்க்கப் பார்வை’ என்ற ஒற்றைச் சொல்லால் பதில் சொல்லிவிட்டதாக நினைத்த காலமும் இருந்தது. அது நல்ல பதிலல்ல.

இனி இரண்டாவது கதை. ஆங்கிலத் தொகுப்பில் அதன் பெயர் ‘தி ஷ்ரௌட்’. ஷாஜியா வசதியான வீட்டுப் பெண். ஹஜ் பயணம் புறப்படுகிறாள். யாசீன் பூவா என்னும் ஏழை மூதாட்டி பாடுபட்டுச் சேர்த்த பணத்தைக் கொண்டுவந்து கொடுத்து, ஜம்ஜம் நீரில் நனைத்த கஃபன் துணி ஒன்று வாங்கி வரும்படி கேட்டுக்கொள்கிறாள். ஷாஜியா புனித நகரங்களுக்குப் போகிறாள், கடைகளுக்கும் போகிறாள். வேண்டியதெல்லாம் வாங்குகிறாள். துணி மட்டும் மறந்துபோகிறது. திரும்பி வந்தபின் பூவா நம்பிக்கையோடு வந்து கேட்கிறாள். வேறு துணி தந்தால் போயிற்று என்கிற அளவில் ஷாஜியாவுக்கு அது அற்ப விஷயம். பூவாவுக்கு அது வாழ்நாளின் ஒரே ஆசை. பிறகு ஒருநாள் பூவா இறந்துவிட்டாள் என்ற செய்தியோடு அவள் மகன் வந்து அந்தத் துணியைக் கேட்கிறான். அப்போதுதான் ஷாஜியாவுக்குத் தான் செய்தது என்னவென்று உறைக்கிறது. எங்கே தேடியும் எத்தனை பணம் இருந்தும் அந்தத் துணியை இனி அவளால் கொடுக்க முடியாது.

முதல் கதையில் துணிக்குப் பணம் சேர்ந்தது, துணி வாங்கப்படவில்லை. இரண்டாவதிலும் அப்படியே. முதல் கதையில் ஏழையை ஏழை கைவிடுகிறான். அதனால்தான் ஜமீன்தார் இரண்டு ரூபாய் எறிந்துவிட்டுக் கதையிலிருந்து எளிதாக விலகிவிடுகிறார். இரண்டாவது கதையில் அப்படி யாரும் விலகிவிட முடியாது. ஷாஜியா கொடியவளல்ல. தொழுகிறாள், தானம் செய்கிறாள், அழவும் செய்கிறாள். அவள் செய்த குற்றம் மறதி. ஏழையின் கோரிக்கையை மறப்பதற்குச் செல்வருக்கு இருக்கும் சுதந்திரம்தான் அந்த மறதி. அதே மறதி பூவாவுக்கு வாய்க்குமா? வேலை செய்யும் வீட்டில் எந்த வேலையை அவள் மறக்க முடியும்?

மதவெறியர் பேசும் ‘முஸ்லிம்’ என்பவன் ஒரே முகம் கொண்டவன். அவனுக்கு வர்க்கமில்லை, சாதியில்லை, பசியில்லை. பானு முஷ்தாக்கின் கதைகளைப் பத்துப் பக்கம் படித்தாலே அந்த முகம் கலைந்துவிடும். ‘ரெட் லுங்கி’ கதையில் கோடை விடுமுறையில் ஒரு பணக்காரக் குடும்பம் ஊர் ஏழைச் சிறுவர்களுக்கும் சேர்த்துச் சுன்னத்துக்கு ஏற்பாடு செய்கிறது. ஏழைப் பிள்ளைகளுக்கு நாவிதர். சொந்தப் பிள்ளைகளுக்கு மருத்துவர். யாருடைய புண் விரைவில் ஆறியது என்பதைக் கதை குறும்போடு சொல்கிறது. ‘பிளாக் கோப்ராஸ்’ கதையில் மூன்று பெண் குழந்தைகளோடு கைவிடப்பட்ட அஷ்ரப் முத்தவல்லியிடம் முறையிடுகிறாள். காத்திருப்பிலேயே நோயுற்ற குழந்தை இறந்துபோகிறது. முத்தவல்லி தெருவில் நடக்கும்போது அவரைச் சபிப்பவர்கள் அந்த ஊர் முஸ்லிம் பெண்களே. அதாவது, குற்றம் சாட்டுபவரும் குற்றவாளியும் நீதி கேட்பவரும் அதே சமூகத்தின் உள்ளேயே இருக்கிறார்கள். இந்தக் கதையைத்தான் கிரீஷ் காசரவள்ளி ‘ஹசீனா’ என்று திரைப்படமாக எடுத்தார். அதில் நடித்த தாராவுக்குத் தேசிய விருது கிடைத்தது.

தொகுப்புக்குப் பெயர் தந்த கதையில் மெஹ்ருன் கணவனால் கைவிடப்பட்டுப் பிறந்த வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் தம்பிகள் குடும்ப மானத்தைச் சொல்லி அவளைத் திருப்பி அனுப்புகிறார்கள். இரவில் அவள் மண்ணெண்ணெயைத் தலையில் ஊற்றிக்கொள்கிறாள். மூத்த மகள் ஓடிவந்து தடுக்கிறாள். பிறந்த வீடு திருப்பி அனுப்பிய பெண்ணின் கதை எந்த மதத்துப் பெண்ணின் கதை? தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் ‘அடுப்பு வெடித்து’ இறந்ததாக எழுதப்பட்ட பெண்கள் எத்தனை மதத்தவர்? இதைப் படித்துவிட்டு முஸ்லிம் குடும்பம் இப்படித்தான் என்று சொல்பவர் தம் தெருவைத் திரும்பிப் பார்க்காதவராகத்தான் இருக்க வேண்டும்.

ஆயுதம் கொடுப்பதாகிவிடும் என்ற அச்சம் புதிதல்ல. 1932 டிசம்பரில் லக்னோவில் ‘அங்காரே’ என்னும் உருதுத் தொகுப்பு வெளிவந்தது. ஒன்பது கதைகள், ஒரு நாடகம். எழுதியவர்கள் சஜ்ஜாத் ஜாகீர், அகமது அலி, ரஷீத் ஜஹான், மகமூதுஸ் ஜாபர் என்னும் நான்கு இளைஞர்கள். மதப் போலித்தனத்தையும் வீட்டுக்குள் பெண் அடைக்கப்பட்டிருப்பதையும் தாட்சண்யமின்றி எழுதினார்கள். ரஷீத் ஜஹானின் கதையொன்றில், தில்லியைச் சுற்றிக் காட்டுவதாக அழைத்துவந்த கணவன் புர்கா அணிந்த மனைவியை ரயில் நிலையத்தில் மூட்டை முடிச்சுகளோடு உட்காரவைத்துவிட்டு நண்பனோடு போய்விடுகிறான். அவள் பார்த்த தில்லி அவ்வளவுதான். கதை சில பக்கங்களே. ரஷீத் ஜஹான் மருத்துவர். பின்னர் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து உழைத்தவர்.

அந்த நூலைக் கண்டு மதத் தலைவர்கள் கொதித்தார்கள். கூட்டங்கள் நடந்தன, எழுத்தாளர்களுக்கு மிரட்டல்கள் வந்தன. 1933 மார்ச்சில் ஐக்கிய மாகாண அரசு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295அ பிரிவின்கீழ் நூலைத் தடைசெய்து பிரதிகளை அழித்தது. கிறிஸ்தவ மன்னரின் பெயரால் ஆண்ட அரசு இஸ்லாத்தைக் காப்பாற்றக் கிளம்பியதன் காரணம் தெளிவு. ஒவ்வொரு சமூகத்தையும் அதனதன் பழைமைவாதத் தலைவர்கள் மூலமாக ஆள்வதே அதற்கு வசதி. நால்வரும் மன்னிப்புக் கேட்கவில்லை. 1933 ஏப்ரலில் தங்கள் நிலையை விளக்கி அறிக்கை வெளியிட்டார்கள். எழுத்தாளர் கூட்டமைப்பு ஒன்று வேண்டும் என்ற கருத்தும் அதில் இருந்தது. 1936 ஏப்ரலில் லக்னோவில் அகில இந்திய முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் முதல் மாநாடு கூடியபோது தலைமை வகித்தவர் பிரேம்சந்த். ‘கஃபன்’ இந்தியில் வெளிவந்த அதே மாதம் அது. ‘அங்காரே’ அன்றைக்கு அச்சம் கருதி எழுதப்படாமல் போயிருந்தால் அந்த மாநாட்டுக்கு வழி எங்கிருந்து வந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

கன்னடத்தில் இதற்கு இணையான கட்டம் 1970களில் வந்தது. 1973இல் மைசூரில், அமைச்சர் பசவலிங்கப்பா கன்னட இலக்கியத்தில் பெரும்பகுதி ‘பூசா’, அதாவது மாட்டுத் தவிடு, என்று சொன்னார். அவர் ஒரு தலித். அவருக்கு எதிராக ஆதிக்க சாதியினர் கிளர்ந்தனர். தலித் மாணவர்கள் தாக்கப்பட்டனர். அவர் பதவி விலக நேர்ந்தது. அந்தக் கொந்தளிப்பிலிருந்து தலித் இயக்கம் எழுச்சி கொண்டது. தருமஸ்தலத்தில் கூடவிருந்த கன்னட சாகித்திய சம்மேளனத்தில் தலித் இலக்கியத்துக்குத் தனி அமர்வு மறுக்கப்பட்டபோது, 1979 மார்ச்சில் எழுத்தாளர்கள் பெங்களூரில் தங்கள் மாநாட்டைத் தனியே நடத்தினார்கள். அதுவே பண்டாய சாகித்தியம். பண்டாய என்றால் கலகம். பரகூரு ராமசந்திரப்பா போன்றோர் அதை ஒருங்கிணைத்தனர். தலித், பெண், முஸ்லிம், உழவர் என்று அதுவரை கன்னட எழுத்தில் பாத்திரங்களாக மட்டும் இருந்தவர்கள் அதில் எழுத்தாளர்களாக வந்தார்கள். பானு முஷ்தாக் அந்த அலையில் வந்தவர்.

‘கஃபன்’ மீதான தலித் விமர்சனத்துக்கு இங்கேதான் விடை இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்து எழுதியவரின் கருணையும் கோபமும் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் உள்ளிருந்து எழுதுபவரின் பார்வை அதனால் ஈடுசெய்யப்படாது. உள்ளிருந்து எழுதுபவருக்கே தம் மக்களைக் கடுமையாகக் கேள்வி கேட்கும் உரிமை முழுமையாக உண்டு. பானு முஷ்தாக் அந்த உரிமைக்கு விலையும் கொடுத்திருக்கிறார். 2000ஆம் ஆண்டில், பள்ளிவாசலில் தொழும் உரிமை பெண்களுக்கும் உண்டு என்று பேசியதற்காக அவரும் குடும்பத்தாரும் சமூக விலக்குக்கு ஆளானார்கள். ஒருவன் கத்தியோடு தாக்க வந்தான். கணவர் தடுத்ததால் உயிர் தப்பினார். அதே பானு முஷ்தாக் சிக்மகளூரின் பாபா புடன்கிரி தர்காவுக்கு முஸ்லிம்கள் போவதைத் தடுக்க முயன்றவர்களுக்கு எதிராகப் போராடினார். கல்வி நிலையங்களில் ஹிஜாப் அணியும் மாணவியரின் உரிமைக்காகவும் பேசினார். உள்ளே கேள்வி கேட்பதும் வெளியே பாதுகாத்து நிற்பதும் அவருக்கு ஒரே வேலையின் இரு பகுதிகள்.

இனி, இக்கதைகளை மதவெறியர் உண்மையில் என்ன செய்தார்கள் என்று பார்க்கலாம். ஆயுதமாக எடுத்துக்கொண்டார்களா? 2025இல் மைசூர் தசரா விழாவைத் தொடங்கிவைக்க கர்நாடக அரசு பானு முஷ்தாக்கை அழைத்தது. முஸ்லிம் பெண்ணின் துயரத்துக்காக இரவும் பகலும் கண்ணீர் வடிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் கூட்டம், முஸ்லிம் பெண்ணின் துயரத்தை எழுதி உலகப் பரிசு பெற்ற அந்த முஸ்லிம் பெண் சாமுண்டி மலையில் விளக்கேற்றக் கூடாது என்று எதிர்த்தது. உயர்நீதிமன்றத்துக்குப் போனது, செப்டம்பர் 15 அன்று மனுக்கள் தள்ளுபடியாயின. உச்சநீதிமன்றத்துக்கும் வழக்கு போனது. செப்டம்பர் 19 அன்று அங்கும் தள்ளுபடி. செப்டம்பர் 22 அன்று அவர் விழாவைத் தொடங்கிவைத்தார். அவர்களுக்கு வேண்டியிருந்தது பேசாத முஸ்லிம் பெண்; பேசும் பெண் வந்ததும் கண்ணீர் வற்றிவிட்டது. ஆயுதம் கொடுப்பதாகாதா என்று கேட்ட தோழர்களுக்கு அந்த மூன்று வாரச் செய்தித்தாள்களே பதிலாகும்.

மேலும் ஒன்று உண்டு. இலக்கியச் செய்திகளைப் பின்தொடர்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காதது. பரிசு அறிவிக்கப்பட்டபின் எல்லா ஊடகங்களும் பரிசைப் பற்றி எழுதின. எழுத்தாளரை வளர்த்த இதழைப் பற்றி எழுதியவை குறைவு. பானு முஷ்தாக் வழக்குரைஞராவதற்கு முன்பு ஏறத்தாழப் பத்தாண்டுகள் ‘லங்கேஷ் பத்ரிகே’ வார இதழின் செய்தியாளர். 1980இல் பி.லங்கேஷ் தொடங்கிய அந்த இதழ் விளம்பரம் வாங்குவதில்லை. வாசகர் கொடுக்கும் காசில் மட்டுமே நடந்தது. ஆகவே முதலமைச்சரையும் மடாதிபதியையும் சாராய வியாபாரியையும் ஒரே தொனியில் விமர்சிக்க அதனால் முடிந்தது. லங்கேஷின் மகள் கௌரி லங்கேஷ் அந்த மரபைத் தொடர்ந்து தம் பெயரில் இதழ் நடத்தினார்; 2017 செப்டம்பர் 5 அன்று தம் வீட்டு வாசலில் சுட்டுக்கொல்லப்பட்டார். இந்த வரலாற்றோடு சேர்த்துப் படித்தால்தான் பரிசுச் செய்தி முழுமையாகும்.

பிரேம்சந்தும் இதழ் நடத்திச் சிரமப்பட்டவரே. 1923இல் காசியில் சரஸ்வதி அச்சகம், 1930இல் ‘ஹன்ஸ்’ மாத இதழ், பிறகு ‘ஜாகரண்’ வார இதழ். எல்லாவற்றிலும் நட்டம். கடனைத் தீர்க்க 1934இல் பம்பாய்க்குப் போய்த் திரைப்படத்துக்குக் கதை எழுதினார். ‘மஜ்தூர்’ என்ற அந்தப் படம் ஆலைத் தொழிலாளர் பற்றியது. ஊதிய நிலுவைக்காக அவருடைய அச்சகத் தொழிலாளர்களே வேலைநிறுத்தம் செய்த வேடிக்கையும் நடந்தது. அதில் நியாயம் தொழிலாளர் பக்கமே. 1936இல் ‘ஹன்ஸ்’ இதழுக்கு அரசு பிணைத்தொகை கேட்டது. அப்போது அதை வெளியிட்டுவந்த அமைப்பு இதழை நிறுத்திவிட முடிவு செய்தது. நோய்ப் படுக்கையில் இருந்த பிரேம்சந்த் பணம் கட்டி இதழை மீட்டார். அக்டோபர் 8 அன்று இறந்துபோனார். நின்றுபோன ‘ஹன்ஸ்’ இதழை ராஜேந்திர யாதவ் 1986 ஜூலை 31 அன்று, பிரேம்சந்தின் பிறந்தநாளில், மீண்டும் தொடங்கினார். இந்தியில் தலித் எழுத்துக்கும் பெண் எழுத்துக்கும் பெரிய மேடையாக அமைந்தது அந்த இதழ்தான். ‘கஃபன்’ ஆசிரியர் தொடங்கிய இதழிலேயே கீசு, மாதவின் பேரப்பிள்ளைகள் எழுத வந்தார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

சிறுகதைக்குப் பதிப்புலகில் மதிப்புக் குறைவு என்பது இங்குள்ளோருக்குத் தெரியும். நாவல் விற்கும், தன்வரலாறு விற்கும், தொகுப்பு விற்காது என்பார்கள். சிறுகதை எப்போதும் இதழ்களை நம்பியே வாழ்ந்திருக்கிறது. ஆண்டுச் சந்தா கட்டும் சில நூறு பேரே அதன் உண்மையான பதிப்பாளர்கள்.

மொழிபெயர்ப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தீபா பாஸ்தி தம் மொழிபெயர்ப்பில் கன்னட, உருது, அரபுச் சொற்களைச் சாய்வெழுத்தில் போடவில்லை, அடிக்குறிப்பும் தரவில்லை. ஆங்கில வாசகர் சற்றுத் தடுக்கித்தான் படிக்கட்டும் என்பது அவர் முடிவு. மொழிபெயர்ப்பு வேலை தெரிந்தவர்களுக்கு இதன் துணிவு விளங்கும். ஆனால் தமிழ் வாசகர் ஹாசன் நகரத்துக் கதையை லண்டன் வழியாகச் சுற்றிப் பெற வேண்டியதில்லை. ஹாசனும் ஓசூரும் எத்தனை தூரம்? கன்னடத்திலிருந்து நேரடியாகத் தமிழுக்கு மொழிபெயர்க்கும் மரபு இருக்கிறது. பாவண்ணன் போன்றோர் பல்லாண்டுகளாக அதைச் செய்துவருகிறார்கள். ஆங்கிலத்தில் ‘ஷ்ரௌட்’ என்றால் அது ஒரு துணி மட்டுமே. தமிழில் ‘கஃபன் துணி’ என்று அந்தச் சொல்லே அப்படியே இருக்கிறது. முத்தவல்லி இருக்கிறார், ஜமாத் இருக்கிறது, சுன்னத் இருக்கிறது. எதற்கும் அடிக்குறிப்பு வேண்டாம். ‘ஹார்ட் லேம்ப்’ கன்னடத்தில் ‘எதெய ஹணதெ’. ஹணதெ என்பது நம் வீட்டு அகல்விளக்குதான்.

கிளைகளின் வாசிப்பு வட்டங்களில் அடுத்த மாதம் இவ்விரு கதைகளையும் ஒரே அமர்வில் படிக்கலாம். பிரேம்சந்த் கதைகள் தமிழில் பலமுறை வெளிவந்துள்ளன. ‘கஃபன்’ கிடைப்பது கடினமல்ல. உரக்கப் படித்தால் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். யாசீன் பூவாவின் கதையை ஆங்கிலம் அல்லது கன்னடம் அறிந்த தோழர் ஒருவர் முன்னதாகப் படித்து, தமிழில் வாய்மொழியாகச் சொல்லலாம். படித்து முடித்ததும் உடனே யாரும் எழுந்து விளக்கவுரை நிகழ்த்த வேண்டாம். கூட்டத்துக்கு வந்திருக்கும் பெண் தோழர்கள் முதலில் பேசட்டும்.